கூண்டில் நிற்பவனுக்கு ஒரு குரல்

தேனாம்பேட்டையிலிருந்து தியாகராயநகர் நோக்கி, ஜி. என். செட்டி சாலை வழியே செல்வோர் ஒரு சிலையைக் கடந்து செல்வர். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் சிலை அது. 1969ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 14ஆம் நாள், பொங்கல் நன்னாளில், நோயால் நலிந்திருந்த நிலையிலும் அறிஞர் அண்ணா வந்து திறந்து வைத்த சிலை! அவர் கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி அதுவே. அடுத்த இருபதாம் நாள் அவர் மறைந்தார்.

நாம் பாடம் சொல்லும் பள்ளியின் மாணவர்களை ஒருநாள் கேட்டோம்: "அந்தச் சிலை யாருடையது, தெரியுமா?" தெரியும் என்றனர் சிலர். "சிரிக்க வைத்தவர்" என்றான் ஒருவன். "சிந்திக்க வைத்தவர்" என்றாள் மற்றொருத்தி. இரண்டும் உண்மையே. ஆனால், "கொலைக் குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நின்றவர், ஆயுள் தண்டனை பெற்றவர், பின்னர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டவர்" என்று நாம் சொன்னபோது, வகுப்பே வாயடைத்துப் போயிற்று. சிலையாக நிற்பவர் சிறையில் இருந்தாரா! எப்படிப் போனார்? எப்படி மீண்டார்?

அந்தக் கேள்விக்கு அன்றே விடை கூறியிருப்போம். ஆனால் அதே வாரத்தில் வேறொரு கேள்வி நம் வாயிலைத் தட்டிற்று.

நம் மாணவன் ஒருவனுடைய தாய் வந்து நின்றார். நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைப்பவர். அவருடைய மூத்த மகன், பத்தொன்பது வயதினன், மெக்கானிக் கடையில் வேலை கற்பவன், இரு சக்கர வண்டி ஒன்று களவுபோன வழக்கில் பிடித்துச் செல்லப்பட்டிருந்தான். அழுது ஓய்ந்த குரலில் அந்த அம்மையார் சொன்னார்: "என் புள்ள ஒரு தப்பும் பண்ணல சார். பண்ணாதவனுக்கு எதுக்கு சார் வக்கீலு? ஜட்ஜையா பாத்தா தெரிஞ்சிக்க மாட்டாரா?"

எளிய கேள்வி. ஆனால் ஏட்டறிவு பெற்றோர் பலரும் இதே கேள்வியை வேறு உருவில் கேட்கின்றனர். "குற்றவாளிக்கு எதற்கு வழக்கறிஞர்? கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு வாதம் ஒரு கேடா?" என்கின்றனர். குற்றமற்றவனுக்குத் தேவையில்லை என்கிறார் தாய். குற்றமுற்றவனுக்குக் கூடாது என்கின்றனர் கனவான்கள். அப்படியானால் வழக்கறிஞர் யாருக்குத்தான் தேவை? வரலாற்றைக் கேட்போம்.

கோவலனுக்கு யார் பேசினார்?

தமிழன் அறிந்த முதற்பெரும் வழக்கு சிலப்பதிகாரத்திலே இருக்கிறது. கோவலன் மீது குற்றம் சாட்டியவன் பொற்கொல்லன். சாட்சி அவனே. சான்றுப் பொருள், ஒரு சிலம்பு. விசாரணை? இல்லை. குற்றம் சாட்டப்பட்டவனை அழைத்து, "உன் விடை என்ன?" என்று கேட்டாரா? கேட்கவில்லை. கொல்லச் சென்ற காவலருள்ளும் ஒருவன், இவன் முகத்தில் கள்வன் குறி இல்லையே என்று தயங்கினான் என்கிறார் இளங்கோ. ஐயம் எழுந்தது, ஆனால் அந்த ஐயத்தை அரசவைக்கு எடுத்துச் செல்ல ஓர் ஆள் இல்லை! வாள் வீழ்ந்தது, வாழ்வு முடிந்தது.

பிறகுதான் வழக்குரை காதை. பிறகுதான் கண்ணகி. அவள் செய்தது என்ன? ஒப்பாரி வைத்ததோடு நின்றாளா? இல்லை. சான்றை ஆராயச் சொன்னாள். அரசியின் சிலம்பில் உள்ளது முத்து. தன் சிலம்பில் உள்ளது மாணிக்கம். உடைத்துக் காட்டினாள். இன்றைய நீதிமன்றத்தில் ஒரு திறமான வழக்கறிஞர் செய்யும் வேலை அதுவே அன்றோ! எதிர்த்தரப்பின் சான்றையே எடுத்து, அது சொல்லுவதாகச் சொல்லப்பட்டதைச் சொல்லவில்லை என்று மெய்ப்பிப்பது. கண்ணகியின் மேல்முறையீடு வென்றது. ஆனால் எவனுக்காக முறையிட்டாளோ, அவன் உயிரோடு இல்லை. காலம் கடந்து வந்த வாதம், கல்லறை மேல் தூவிய மலர்!

மதுரையில் இல்லாதது அன்று வேறெங்கும் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. மனுவின் நூல் குற்றத்தைப் பார்க்குமுன் குலத்தைப் பார்த்தது. மற்றவனுக்கு உயிர் போகும் குற்றத்திற்குப் பார்ப்பனனுக்குத் தலை மழித்தலே போதும் என்று அதன் எட்டாம் அத்தியாயம் கூறுகிறது. சட்டத்தின் தாயகம் என்று பெருமை பேசும் இங்கிலாந்திலோ, அரசத் துரோக வழக்கில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை 1696இல்தான் வந்தது. கொலை, கொள்ளை போன்ற பெருங்குற்ற வழக்குகளில், குற்றம் சாட்டப்பட்டவனுடைய வழக்கறிஞர் ஜூரிகளை நோக்கிப் பேசுவதற்கு 1836 வரை இடமில்லை. "நீதிபதியே கைதிக்கு வழக்கறிஞர்" என்பது அங்கே பழங்காலக் கொள்கை. தேனாம்பேட்டைத் தாய் சொன்னதும் அதுதானே! ஆனால் அந்தக் கொள்கை தூக்குமரத்தில் ஏற்றிய ஏழைகள் எத்தனை பேர் என்பதை அந்நாட்டு வரலாறு படித்தோர் அறிவர். தராசைப் பிடிப்பவனே ஒரு தட்டில் ஏறி உட்கார முடியாது. தராசு நேராக நிற்க வேண்டுமானால், இரு தட்டிலும் எடை வைக்க ஆள் வேண்டும்.

1860இல் இந்தியத் தண்டனைச் சட்டம் வந்தது. பார்ப்பனனுக்கும் பறையனுக்கும் ஒரே குற்றத்திற்கு ஒரே தண்டனை என்றாயிற்று. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றம் சாட்டப்பட்டவன் வழக்கறிஞர் மூலம் தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்று உரிமையும் தந்தது. சட்டம் ஒன்றாயிற்று, சரி. வாய்ப்பு ஒன்றாயிற்றா? அதைத்தான் கலைவாணர் வழக்கு காட்டுகிறது.

ஒரு கொலையும் ஒரு வழக்கும்

1944. 'ஹரிதாஸ்' படம் அந்த ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்தது. சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். அதன் நாயகன் எம். கே. தியாகராஜ பாகவதர். அவர் குரலுக்கு நாடே மயங்கியது. நகைச்சுவையில் என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் இணையற்றவர்கள்.

அதே நாளில், திரையுலகினரின் அந்தரங்க வாழ்வை அலசி, அதையே விற்பனைச் சரக்காக்கியவர் சி. என். லட்சுமிகாந்தன். முன்பு போலி ஆவணக் குற்றத்தில் தண்டனை பெற்றவர். 'சினிமா தூது' என்ற இதழ் நடத்தினார். பாகவதர், கிருஷ்ணன், பட அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் அன்றைய ஆளுநரிடம் முறையிட்டனர். இதழின் உரிமம் பறிபோயிற்று. பின்னர் 'இந்து நேசன்' என்ற இதழைக் கைக்கொண்டு, பழைய வேலையைத் தொடர்ந்தார்.

1944 நவம்பர் 8ஆம் நாள். வேப்பேரியில் கை ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்த லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். குருதி ஒழுக அவர் முதலில் நாடியது மருத்துவமனையை அன்று. தம் நண்பரான வழக்கறிஞர் ஒருவரின் இல்லத்தை! அங்கிருந்து அனுப்பப்பட்டு, வழியில் காவல் நிலையத்தில் முறையீடு தந்துவிட்டு, பிறகே அரசுப் பொது மருத்துவமனை சேர்ந்தார். மறுநாள் இறந்தார்.

அவர் எழுதியது நஞ்சு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நஞ்சை எழுதியவனையும் கொல்ல எவனுக்கும் உரிமையில்லை. கொலைக்கு நீதி வேண்டும். ஆனால், யாரையாவது தண்டித்துவிட்டால் நீதி கிடைத்துவிடுமா? கொன்றவனைத் தண்டிப்பதே நீதி. கிடைத்தவனைத் தண்டிப்பது இரண்டாவது கொலை.

போலீசார் பலரைக் கைது செய்தனர். அவர்களுள் பாகவதரும் கிருஷ்ணனும் ஸ்ரீராமுலு நாயுடுவும் இருந்தனர். கத்தி எடுத்தவர்கள் என்று சிலர் மீதும், சதி செய்தவர்கள் என்று இவர்கள் மீதும் குற்றச்சாட்டு. நாடு திகைத்தது. நேற்றுவரை மாலை போட்ட கைகள் இன்று வாயைப் பொத்திக்கொண்டு வம்பு பேசின. லட்சுமிகாந்தன் உயிரோடிருந்தபோது செய்த வேலையை, அவர் செத்த பின் தெருவே செய்தது!

வழக்கின் படிகள்

ஒரு குற்ற வழக்கு எப்படி நடக்கிறது என்பதை நம் மக்களுள் பலர் திரைப்படத்தில் கண்டதோடு சரி. அங்கே ஒரே காட்சியில் எல்லாம் முடிந்துவிடும். உண்மையில் அது ஒரு நெடும் படிக்கட்டு. ஒவ்வொரு படியிலும் ஒருவன் கை கொடுக்காவிட்டால் வழுக்கி வீழ்வது எளிது.

முதற்படி, முதல் தகவல் அறிக்கை. குற்றம் நடந்தது என்று காவல் நிலையத்தில் முதன்முதல் பதியப்படும் செய்தி. அது தீர்ப்பு அன்று, தொடக்கம். ஆயினும் முதல் நாள் சொன்னதற்கும் முப்பதாம் நாள் சொல்வதற்கும் வேறுபாடு இருந்தால், அந்த இடைவெளியில்தான் பல வழக்குகளின் உண்மை ஒளிந்திருக்கிறது. அதைத் தேடி எடுப்பது எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கடமை.

இரண்டாம் படி, கைதும் விசாரணையும். பிடிபட்டவனை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும் என்பது சட்டம். காவலரிடம் ஒருவன் "நான்தான் செய்தேன்" என்று சொன்னதாகக் கூறப்படும் ஒப்புதல், அவனுக்கு எதிராகச் செல்லாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் விதித்தது. 2024 ஜூலையில் அதன் இடத்திற்கு வந்த புதிய சட்டமும் அதை மாற்றவில்லை. ஏன் அப்படி ஒரு விதி? அடிக்கு அஞ்சிய நாக்கு எதையும் ஒப்புக்கொள்ளும் என்பதை வெள்ளையனும் அறிந்திருந்தான்! ஆனால் விதி ஏட்டில் இருந்தால் போதுமா? அதை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் அருகில் வேண்டும்.

மூன்றாம் படி, சாட்சிகள். பாகவதர் வழக்கில், தாமும் சதியில் பங்குகொண்டதாகச் சொல்லிய ஒருவர் அரசுத் தரப்புச் சாட்சியானார். நீதிமன்றங்களில் 'அப்ரூவர்' என்பார்களே, அந்த வகைச் சாட்சி. தன் தலையைக் காக்கப் பிறர் தலையைக் காட்டக்கூடியவன் அப்ரூவர். ஆகவே அவன் சொல்லை வேறு சான்றுகள் தாங்கி நிற்கின்றனவா என்று பார்த்தே நம்பவேண்டும் என்பது நீதிமன்றங்களின் நெடுநாள் மரபு. தாங்கி நிற்கிறதா என்று யார் சோதிப்பது? குறுக்கு விசாரணை செய்பவர். எங்கே கூடினீர்கள், எத்தனை மணி, யார் யார் இருந்தனர், அதை முன்பே ஏன் சொல்லவில்லை, சொன்னதற்கு என்ன கிடைத்தது என்று கேட்கும் கேள்விகளே பொய்யை மெய்யிலிருந்து பிரிக்கும் முறம்.

நான்காம் படி, செஷன்ஸ் விசாரணை. சென்னை நகரின் கொலை வழக்கு அந்நாளில் உயர்நீதிமன்றத்திலேயே ஜூரி முன் நடைபெற்றது. நீதிபதி மாக்கெட் தலைமை தாங்கினார். வழக்காட நாட்டின் பெயர்பெற்ற சட்ட வல்லுநர்கள் வந்தனர், பம்பாயிலிருந்து கே. எம். முன்ஷி போன்றோரும் வரவழைக்கப்பட்டனர். ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்றது ஜூரி.

ஜூரிகள் ஒன்பதின்மர். அவர்களுள் குறைந்தது அறுவர் ஒருமித்து, நீதிபதியும் அதற்கு இசைந்தாலன்றி அது தீர்ப்பாகாது என்பது அன்றைய சட்டம். வந்த கணக்கு என்ன? ஆறுக்கு மூன்று! விளிம்பில் நின்ற எண்ணிக்கை. அந்த அறுவருள் ஒருவர், ஒரே ஒருவர், "எனக்கு ஐயமாக இருக்கிறது" என்று சொல்லியிருந்தால், அந்தத் தீர்ப்பே பிறந்திருக்காது. 1945 மே 3ஆம் நாள், ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

பிராட்வே கொட்டகையில் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டே இருந்தது. திரையில் பாகவதர் பாடினார். சிறையில் பாகவதர் நாளை எண்ணினார்.

மேல் படிகள்

இங்கேதான் நம் வரலாற்றுப் பாடத்தின் உள்ளீடு இருக்கிறது. உயர்நீதிமன்றத்தில் ஜூரி முன் நடந்த வழக்கில், "சாட்சியத்தை மறுபடியும் எடைபோடுங்கள்" என்று கேட்டு முறையிடும் உரிமை நெடுங்காலம் இல்லை. 1943ஆம் ஆண்டில்தான் நடைமுறைச் சட்டத்தில் 411-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, அந்தக் கதவு திறந்தது. லட்சுமிகாந்தன் கொலை அடுத்த ஆண்டு! இரண்டாண்டு முன்பாக இந்தத் தீர்ப்பு வந்திருந்தால், அந்தக் கதவு அங்கே இருந்திராது.

திறந்த கதவை முதலில் தட்டியபோது பயனில்லை. தலைமை நீதிபதி சர் லயனல் லீச், நீதிபதி லட்சுமண ராவ் ஆகியோர் 1945இல் முறையீட்டைத் தள்ளினர். ஜூரியின் முடிவில் எந்த அளவுக்குத் தலையிடலாம் என்ற கேள்வியில் நீதிமன்றம் தன் கையைத் தானே குறுக்கிக்கொண்டது.

பாகவதரும் கிருஷ்ணனும் அத்தோடு அடங்கிப் போயிருந்தால்? அடங்கவில்லை. வழக்கு கடல் கடந்தது. இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், அந்நாளில் இந்தியாவின் உச்சநீதி மேடை. புதிய பிரிவு தந்த முறையீட்டு உரிமையை அப்படிக் குறுக்கிப் படிக்கலாகாது. சாட்சியத்தை முழுவதும் ஆராயவேண்டும் என்ற நிலையில், வழக்கை மீண்டும் கேட்குமாறு அது சென்னைக்கே திருப்பி அனுப்பியது.

இம்முறை நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுதீன். வாதாடியவர் வி. எல். எதிராஜ். அவர் யார்? சென்னையில் அரசுத் தரப்பு வழக்கறிஞராக, கிரௌன் பிராசிக்யூட்டராக, அமர்ந்த முதல் இந்தியர். குற்றம் சாட்டும் கலையைக் கற்றுத் தேர்ந்தவர், குற்றச்சாட்டில் விரிசல் எங்கே விழும் என்பதையும் அறிந்திருந்தார். நேற்று அரசுக்காகப் பேசியவர் இன்று கைதிக்காகப் பேசுவது முரண் என்பர் சிலர். முரண் அன்று, அதுதான் முறை. வழக்கறிஞரின் பற்று ஆளின்மீது அன்று, ஆராய்ச்சியின்மீது. பெண் கல்விக்காக 1948இல் கல்லூரி நிறுவிய எதிராஜும் இவரே.

1947 ஏப்ரல் 25. குற்றம் நிலைநாட்டப்படவில்லை, விடுதலை! தண்டனை விதித்த நாளிலிருந்து எண்ணினால், இரண்டாண்டுக்கு எட்டு நாள் குறைவு.

அதே ஆறு, அதே சாட்சி, அதே ஏடு. ஒரு மன்றம் "குற்றவாளி" என்றது. மற்றொன்று "அன்று" என்றது. நடுவில் மாறியது என்ன? கேட்கும் முறை மாறியது. மீண்டும் கேட்கச் செய்தவர்கள் வழக்கறிஞர்கள். "ஜட்ஜையா பாத்தா தெரிஞ்சிக்க மாட்டாரா?" என்ற தாயின் கேள்விக்கு இதுவே விடை. நல்ல நீதிபதிகளும் பார்த்தார்கள் அம்மா, பார்த்தும் தெரியவில்லை. எடுத்துக் காட்டியபோதுதான் தெரிந்தது.

மீண்ட கிருஷ்ணன் நாட்டுக்கு என்ன தந்தார்? 1949இல் அண்ணாவின் எழுத்தில் 'நல்லதம்பி' வந்தது. அதில் ஒடுக்கப்பட்ட சிறுவன் படித்து உயர்வதைப் பாடும் 'கிந்தனார்' காலட்சேபம் வந்தது. 1951இல் அவரே இயக்கிய 'மணமகள்' வந்தது. 1957இல் அவர் மறையும்வரை அந்தச் சிரிப்பு நாட்டின் மூடத்தனத்தைச் சுட்டுக்கொண்டே இருந்தது. ஏப்ரல் 25ஆம் நாள் தீர்ப்பு வேறாக இருந்திருந்தால், இவையெல்லாம் எங்கே? பாகவதருக்கோ விடுதலை கிடைத்தது. பழைய வாழ்வு கிடைக்கவில்லை. 1959இல் அவர் மறைந்தபோது, அந்தப் பொற்காலம் என்றோ கனவாகியிருந்தது. தாமதித்த நீதி உடலை விடுவித்தது. இழந்த ஆண்டுகளைத் திருப்பித் தரவில்லை. லட்சுமிகாந்தனைக் குத்தியது யாருடைய திட்டம் என்ற கேள்விக்கும் நாடு ஒப்பும் விடை இன்றுவரை இல்லை. தவறான கதவைத் தட்டிய நேரத்தில், சரியான கதவு எதுவோ அது மூடிக்கொண்டது.

பணம் பேசிய இடம்

ஆனால், அன்பர்களே! இந்த வரலாற்றை நாம் கைதட்டி முடித்துவிட்டால் பாதியைத்தான் படித்தவர்கள் ஆவோம். பம்பாய் வழக்கறிஞரை வரவழைக்கவும், இலண்டன் வரை வழக்கைக் கொண்டு செல்லவும் என்ன ஆகும்? புகழும் பொருளும் உடையோரே அதற்காகத் தம் செல்வத்தைக் கரைக்க நேர்ந்தது. கலைவாணரை மீட்க டி. ஏ. மதுரம் அம்மையாரும் எஸ். வி. சகஸ்ரநாமமும் கலைக்குழுவைக் கட்டிக்காத்துப் பொருள் திரட்டப் பட்ட பாடு கொஞ்சமன்று. அந்தக் கூண்டிலே பெயர் பெற்றோரும் நின்றனர். பெயர் பெறாதோரும் நின்றனர். நாடு இன்று நினைவில் வைத்திருப்பது எவர் பெயரை? சிந்தியுங்கள்.

குடியரசு வந்தது. 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் உறுப்பு, கைதான எவரும் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேசவும், அவரால் காக்கப்படவும் உரிமை தந்தது. ஆனால் 'விரும்பும்' வழக்கறிஞருக்குக் கட்டணம் யார் தருவது? ஏட்டில் விடை இல்லை. 1951இல் ஐதராபாத் தெலுங்கானாப் போராட்டக்காரர்களின் தூக்குத் தண்டனை வழக்குகள் உச்சநீதிமன்றம் வந்தன. தக்க வழக்கறிஞர் உதவியின்றி நடந்த விசாரணை எங்கள் விசாரணை என்றனர் அவர்கள். வழக்கறிஞர் இல்லை என்பதனாலேயே ஒரு விசாரணை செல்லாததாகிவிடாது என்றது ஜனார்தன் ரெட்டி வழக்கின் தீர்ப்பு. உரிமை உண்டு, உதவி இல்லை! கதவு உண்டு, எட்டும் கை இல்லை!

அந்த நிலை மாறக் கால் நூற்றாண்டு பிடித்தது. அமெரிக்காவில் 1963இல், கிளாரன்ஸ் கிதியன் என்னும் ஏழைக் கைதி சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய விண்ணப்பம் அந்நாட்டு உச்சநீதிமன்றத்தை அசைத்தது. பெருங்குற்ற வழக்கில் ஏழைக்கு அரசு வழக்கறிஞர் தரவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மறு விசாரணையில், வழக்கறிஞர் துணையோடு, அவர் விடுதலையானார். முதலில் அவர் தாமே வாதாடித் தோற்ற அதே வழக்கு!

இங்கே 1973ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டம், செஷன்ஸ் வழக்கில் வழியற்றவனுக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் அமர்த்தவேண்டும் என்றது. ஜூரியும் அந்தச் சட்டத்தோடு விடைபெற்றது. 1976இல் அரசமைப்பில் 39-ஏ உறுப்பு சேர்ந்தது. வறுமை காரணமாக எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்றது. 1979இல் உசைனாரா காத்தூன் வழக்கு பீகார்ச் சிறைகளின் இருளை வெளிச்சமாக்கிற்று. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் கிடைத்திருக்கும் தண்டனைக் காலத்தைவிட நீண்ட காலம், விசாரணையே இன்றி அடைபட்டுக் கிடந்த ஏழைகள்! இலவசச் சட்ட உதவி, வாழ்வுரிமையின் பகுதி என்றது உச்சநீதிமன்றம். 1981இல் கத்ரி வழக்கில், அந்த உரிமையைக் கைதிக்கு எடுத்துச் சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்றது. 1986இல் சுக்தாஸ் வழக்கில், உதவி இன்றி, உரிமை உண்டென்று தெரிவிக்காமலும் நடத்திய விசாரணை செல்லாது என்றே அறுதியிட்டது. 1951க்கும் 1986க்கும் இடையே எத்தனை தொலைவு! 1987இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வந்தது. இன்று மாநிலத்திலும் மாவட்டத்திலும் வட்டத்திலும் அந்த அமைப்பு இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அரசுச் செலவில் வழக்கறிஞர் தரும் விதி தொடர்கிறது.

உரிமையை வென்றுவிட்டோம், மனத்தை வென்றோமா? கோயம்புத்தூரில் வழக்கறிஞர்களுக்கும் காவலர்களுக்கும் மோதல் எழுந்தபோது, குற்றம் சாட்டப்பட்ட காவலர்களுக்காக எவரும் வாதாடக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. 2010ஆம் ஆண்டு முகமது ரஃபி வழக்கில் உச்சநீதிமன்றம் அத்தகைய தீர்மானங்கள் எல்லாம் செல்லாதவை, தொழில் அறத்துக்கு மாறானவை என்று அடித்துச் சொல்லிற்று. எண்ணிப் பாருங்கள்: கைது செய்பவனே கைதானபோது, அவனுக்கும் ஒரு குரல் வேண்டியிருந்தது! நாம் வெறுப்பவனுக்கும் கிடைக்கும்போதுதான் அது உரிமை. நமக்கு வேண்டியவனுக்கு மட்டும் கிடைப்பது சலுகை.

மீண்டும் தேனாம்பேட்டை

அந்தத் தாயிடம் நாம் கலைவாணர் கதையைத்தான் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்தவர், "அவருக்கே அப்படியா?" என்றார். பின், மெல்ல, "அவருகிட்ட காசு இருந்துச்சு சார்" என்றார். அந்த ஒரு வரியில் அவர் நம் நீண்ட உரை முழுவதையும் விளக்கிவிட்டார்.

மறுநாள் அவரோடு சைதாப்பேட்டை நீதிமன்றம் சென்றோம். இலவசச் சட்ட உதவி என்று ஒன்று இருப்பதையே அன்றுதான் அவர் அறிந்தார். ஒரு தாளில் விவரம் எழுதிக் கொடுத்தோம். கையெழுத்துக்குப் பதில் கைந்நாட்டு வைத்தார். இளம் பெண் வழக்கறிஞர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவர் முதலில் கேட்டது, "உன் மகன் செய்தானா, இல்லையா?" என்று அன்று. "எப்போது பிடித்தார்கள்? எத்தனை மணி? யார் பார்த்தார்கள்? அன்று கடையில் வேலைக்கு இருந்ததற்குக் குறிப்பு உண்டா?" இவையே அவர் கேள்விகள். அந்தத் தாய் இரவெல்லாம் அழுதபோது எவரும் கேட்காத கேள்விகள் அவை.

இரண்டு வாரத்தில் பையன் பிணையில் வந்தான். வழக்கு நடக்கிறது. அவன் குற்றமுற்றவனா, அற்றவனா என்று நாம் இங்கே தீர்ப்பெழுதப் போவதில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. அந்த வேலையை நீதிமன்றம் சரியாகச் செய்வதற்கு, அவன் பக்கத்திலும் ஒருவர் எழுந்து நிற்கிறார். அது போதும்.

ஆனால் அந்தத் தாய் நம் வாயிலுக்கு வராதிருந்தால்? ஆசிரியர் ஒருவர் அறிமுகமாக இருந்தார் என்ற தற்செயலை நம்பியா ஒரு குடிமகனின் உரிமை நிற்பது? உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதை அறியாதவன் தெருவில் இருக்கிறான். இடையில் உள்ள தொலைவைக் கடக்கவேண்டியவர்கள் நாம். பள்ளியில் கோவலன் கொலையைப் பாடமாக நடத்துகிறோம். மாணவர் கண்ணீர் விடுகின்றனர். அந்தக் கண்ணீரோடு இன்னொன்றையும் கற்பிப்போம்: கைதானால் என்ன உரிமை, யாரை அழைப்பது, எத்தனை மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும், பணம் இல்லாதவனுக்கு வழக்கறிஞர் எங்கே கிடைப்பார் என்பதை. சட்ட உதவிக்கென நாடெங்கும் உள்ள 15100 என்ற எண்ணைப் படிப்பகங்களின் சுவரில் எழுதி வைப்போம். கண்ணகி காலத்தில் இல்லாத அந்தக் குரல் இன்று உண்டு. அது காலம் கடந்து வாராமல், காலத்தில் வரச் செய்வோம்.

அடுத்த வாரம் நம் வகுப்பு மாணவர்களைச் சிலைக்கு அழைத்துச் சென்றோம். அந்தத் தாயின் இளைய மகனும் வந்திருந்தான். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். "என்ன பார்க்கிறாய்?" என்றோம்.

"இவருக்கு வக்கீலு கிடைச்சாரு இல்ல சார்?" என்றான்.

கிடைத்தார், தம்பி. உன் அண்ணனுக்கும் கிடைத்திருக்கிறார். எவருக்கும் கிடைக்கவேண்டும்.